ஒற்றைக் கட்டம்

அந்தப் புள்ளி போன படத்தில் இல்லை.

புதுக் குடியிருப்பு முழுக்கச் சிவப்பு. சிவப்பென்றால் கட்டடம். அந்தச் சிவப்புக்கு நடுவில் எள்ளு மாதிரி ஒரு நீலம். நீலமென்றால் தண்ணீர். எள்ளு விழுந்திருந்த இடம் அவனுடைய வீட்டுக்குப் பின்தெரு.

அவன் பதறவில்லை. பதறுகிற ஆளா அவன்? அழிக்கிற ஆள். வானத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்தனுப்பும் படத்தைக் கணினி கட்டம் கட்டமாகப் பிரித்து, காட்டுக்குப் பச்சை, வயலுக்கு மஞ்சள், கட்டடத்துக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம் என்று நிறம் பூசித் தரும். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எங்கே நிறம் மாறியிருக்கிறது, அதனால் எந்தப் பறவை போயிற்று, எந்தக் கிணறு வற்றிற்று என்று பார்ப்பதுதான் அந்த அலுவலகத்தின் வேலை. ஒரே நிறத்துக்கு நடுவே ஒரு கட்டம் மட்டும் வேறாகத் தெரிந்தால், அது கணினியின் தப்பாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மாற்ற வேண்டும். வெயிலில் யார் போவது? அவன் நாற்காலியில் சாய்ந்தபடியே அக்கம்பக்கத்து நிறத்தை எடுத்து அதன்மேல் பூசிவிடுவான். அதனால் அவனுக்கு அங்கே ரப்பர் என்று பேர். நக்கலுக்கு வைத்த பேரைப் பட்டம் மாதிரி சுமந்துகொண்டு திரிந்தான் மகானுபாவன்.

அந்தக் குடியிருப்பு இருந்த இடம் ஒரு காலத்தில் நாணல் மண்டிய ஏரி. மேலேயிருந்து பார்த்தால் நாணல் வெறும் புல்லாகத்தான் தெரியும். அங்கங்கே ஒற்றை ஒற்றையாக நீலம் எட்டிப் பார்க்கும். வருஷா வருஷம் அவற்றைத் துடைத்துத் துடைத்து, வரைபடத்தில் அதைப் புல்தரை ஆக்கினவன் இவன்தான். புல்தரை என்று ஆனபின் லாரி லாரியாக மண் வந்து இறங்க எவ்வளவு நேரம் ஆகும்?

பறவைகளைக் கணக்கெடுக்கும் ஒரு அம்மா இதற்காகவே அலுவலகத்துக்கு நடையாய் நடந்தாள். காலில் காய்ந்த சேற்றோடு வந்து அவன் மேஜைக்கு எதிரே நிற்பாள்.

"தம்பி, நாணலுக்குக் கீழ தண்ணி இருக்கு. மேல இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவ வந்து கால நனைச்சுப் பாருங்க."

"மேடம், ஒத்தைக் கட்டத்துக்கெல்லாம் நாங்க மரியாதை குடுக்கறதில்ல. அக்கம்பக்கம் என்ன சொல்லுதோ அதான் உண்மை."

அவள் போனபின் கேன்டீனில் ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை நீட்டி, அவளை மாதிரியே பேசிக் காட்டினான். கொக்கம்மா என்று பேரும் வைத்தான். எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதோடு விட்டானா? அந்தப் புத்தியைக் கணினிக்கும் சொல்லிக் கொடுத்தான். சாயங்காலம் அலுவலகம் மூடும் நேரத்தில் அது தானாகவே ஓடி, சுற்றிலும் ஒரு நிறம் சூழ்ந்த ஒற்றைக் கட்டங்களையெல்லாம் அந்த நிறத்துக்கே மாற்றிவிடும். மேலதிகாரி முதுகில் தட்டிக் கொடுத்தார். இவன் அந்தப் புல்தரையிலேயே ஒரு மனை வாங்கி வீடும் கட்டிக்கொண்டான். "ஏரிக்குள்ள போய் வீடு கட்டறீங்களே மாப்பிள்ளை" என்று மனைவியின் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லப்போக, அன்றிலிருந்து மச்சான் வீட்டுப் படியை இவன் மிதிப்பதில்லை, அவளையும் மிதிக்க விடுவதில்லை.

பின்தெருப் புள்ளியையும் துடைத்தான். வீட்டுக்குக் கிளம்பினான்.

தெரு அன்று சரியில்லை. வெயில் இறங்கி, தார் ரோட்டில் தூசியும் காய்ந்த இலைகளும் பொரபொரவென்று ஓடிக்கொண்டிருக்க, நட்ட நடுவில் ஒரு கொக்கு நின்றது. ஹாரன் அடித்தும் அது பறக்கவில்லை. ஒரு காலை மெல்ல மேலே இழுத்து, விரல்களைக் குவித்து, சத்தம் வராதபடி முன்னால் வைத்து, அடுத்த காலை இழுத்து, முழங்காலளவு தண்ணீரில் நடக்கிற நடை நடந்து, சட்டென்று கழுத்தை வீசித் தாரைக் கொத்தியது. டக்கென்று கல்லில் பட்ட சத்தம் இல்லை. தளக் என்றது.

"பைத்தியம் பிடிச்ச கொக்கு" என்றான் வீட்டுக்குள் வந்ததும்.

மனைவி சிரிக்கவில்லை. "ஏங்க, பாத்ரூம்ல சேத்து வாடை அடிக்குது. பினாயில் ஊத்திக் கழுவிட்டேன், போகல. தரைக்கடியில தவளை கத்துது. நெஜமாத்தான். காத வெச்சுக் கேளுங்க."

அவன் காதை வைக்கவில்லை. வைத்திருந்தால் கேட்டிருக்கும். வைக்காமலே கேட்டது.

"அண்ணன் வீட்டுல ரெண்டு நாள் இருந்துட்டு வரேன். எனக்கு இங்க தூக்கமே வரமாட்டேங்குது."

"ஏரி வந்துடுச்சுன்னு சொல்லி உங்க அண்ணன் ஊரெல்லாம் தண்டோரா போடுவாரு. தேவையா எனக்கு? இங்க தண்ணியே இல்ல. நான் சொல்றேன், நான் பாத்தவன்."

பார்த்தவனாம்.

அடுத்த படத்தில் பின்தெரு முழுக்க நீலம். அதற்கடுத்ததில் பக்கத்துத் தெருக்கள். ஒற்றையாக இல்லாததால் கணினி அவற்றைத் தொடவில்லை. இவன் கையாலேயே சிவப்புப் பூசினான். பூசின கையோடு வீடு திரும்பும் சாயங்காலங்களில் பின்தெரு வீடுகளில் விளக்கு எரியவில்லை. வண்டிகள் வாசலில் இருந்தன. கொடியில் துணி இருந்தது. காற்றே இல்லாதபோதும் அந்தத் துணிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நிதானமாக ஆடின. ஒரு நாள் ஜன்னல் உயரத்தில் ஒரு வாத்து போனது. சிறகை விரிக்கவில்லை. அந்தரத்தில் உட்கார்ந்து கால்களைத் துழாவிக்கொண்டு, சாவகாசமாக, தெருவைக் கடந்தது. அவன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு மனைவியிடம் சொல்லாமல் திரையை இழுத்து மூடினான். பயந்து செத்தான் என்பதுதான் உண்மை. ஆனாலும் அவளைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை. மச்சானின் சிரிப்பு அவனுக்குத் தவளைச் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

கடைசிப் படம் சாயங்காலம் வந்தது.

குடியிருப்பு மொத்தமும் நீலம். நடுவில் ஒரே ஒரு சிவப்பு. ஒற்றைக் கட்டம். அவன் வீடு.

சிவப்பை எடுத்துச் சுற்றிலும் பூசினான். பூசின இடத்தில் நீலம் ஊறி மேலே வந்தது. மறுபடி பூசினான். மறுபடி ஊறியது. அலுவலகம் மூடும் நேரம். இன்னும் கொஞ்சத்தில் கணினி ஓடும். ஒற்றைக் கட்டத்துக்கு அது மரியாதை கொடுக்காது. சொல்லிக் கொடுத்தவனுக்குத் தெரியாதா?

போனை எடுத்தான். நிறுத்தும் அதிகாரம் மேலதிகாரியிடம்தான்.

"சார், இன்னைக்கு மட்டும் அந்த ஓட்டத்த நிறுத்தி வைக்கலாமா?"

"ஏன்? தனிக் கட்டம் எதுவும் நெஜமா இருக்கா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால், இத்தனை வருஷம் துடைத்த ஒற்றைக் கட்டங்களையெல்லாம் தோண்டுவார்கள். ஏரி வெளியே வரும். கொக்கம்மா வருவாள். மச்சான் சிரிப்பான். வீட்டில் ஒருத்தி தனியாக இருக்கிறாள் என்பதும் ஞாபகம் வந்தது, வராமல் இல்லை. கடைசியாக வந்தது.

"இல்ல சார். சும்மாத்தான் கேட்டேன்."

"நீ போட்ட விதியயே சந்தேகப்படறியே ரப்பர்" என்று அவர் சிரித்தார். இவனும் சிரித்தான். த்தூ.

அப்புறம் விழுந்தடித்துக்கொண்டு ஓடினான். அவளை எப்படியாவது கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தான். யாருக்கும் எதுவும் சொல்லாமல், பேரும் கெடாமல்.

தெருமுனை திரும்பியதும் வண்டி கனத்தது. இறங்கி ஓடினான். கால்கள் முன்னால் போகவில்லை. தொடையை எதுவோ தள்ளியது. காது அடைத்துக்கொண்டது. தூசி பறந்த தெருவில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் ஜன்னலில் நின்றார். எந்நேரமும் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லும் மனுஷன், இப்போது அவரே வாயை அகலத் திறந்திருந்தார். தலைமுடி மேல்நோக்கி விரிந்து அசைந்தது. கண் இமைக்கவில்லை.

அவன் அண்ணாந்து பார்த்தான். கூரைகளுக்கு மேலே, வெகு உயரத்தில், வெள்ளை வயிறுகள். நூற்றுக்கணக்கில். எல்லாவற்றுக்கும் கீழே சவ்வுக் கால்கள் துழாவிக்கொண்டிருந்தன.

கதவைத் தள்ளி உள்ளே விழுந்தான். விழுந்த பிறகுதான் மூச்சு வந்தது. தெருமுனையிலிருந்து மூச்சே விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவள் கூடத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. உயிரோடு இருந்தாள்.

"வாசல் வரைக்கும் போனேங்க. மூச்சு முட்டுது. வெளிய என்ன இருக்கு?"

அப்போதாவது சொன்னானா?

"ஒண்ணுமில்ல. தண்ணியெல்லாம் இல்ல."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அலுவலகம் மூடிவிட்டது.

தவளைகள் நின்றன.

பல்பின் வெளிச்சம் ஒரு தடவை நெளிந்தது. காலண்டர் தாள்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக, மேலே எழுந்தன. அவள் கையிலிருந்த பை கனமிழந்து இடுப்புயரத்தில் நின்றது. பின்னல் தோளை விட்டு விலகி, பிரிந்து, முகத்தைச் சுற்றி விரிந்தது.

அவள் அவனையே பார்த்தாள். வாயைத் திறந்து என்னவோ கேட்டாள்.

சத்தம் வரவில்லை. சின்னதாக ஒரு குமிழி வந்தது. அது அவள் நெற்றியைத் தாண்டி, விளக்கைத் தாண்டி மேலே போயிற்று.

விட்டத்தின் வழியாக நீளமாக ஒரு கொக்கின் அலகு இறங்கியது. அசையாமல் நின்றது. எது முதலில் அசையும் என்று பார்த்துக்கொண்டு.