டைனோசர் குகையைத் தேடி

புது இன்டர்நெட் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அதற்குள் அந்த மூன்றாம் மாடி வீட்டில் எல்லாரும் எல்லாரையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா புது நிறுவனத்தைச் சந்தேகப்பட்டாள். அப்பா சுவரைச் சந்தேகப்பட்டார். "கான்கிரீட் சுவராச்சே, அதைத் தாண்டி வரதுக்குள்ள நெட்டுக்கு மூச்சு வாங்குது" என்றார். தம்பி அக்காவைச் சந்தேகப்பட்டான். அக்கா தம்பியைச் சந்தேகப்பட்டாள். ஆனால் அது புதிதல்ல. தம்பி பிறந்த நாள் முதலாக நடப்பதுதான்.

அக்காவுக்கு வயது பத்து. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் துருவி. அப்பா பேருந்து ஓட்டுபவர். "இவ ஒருத்தி கேக்கிற கேள்விக்கு, ஒரு பஸ் நிறைய ஆளுங்க எவ்வளவோ தேவலை" என்பார். தம்பிக்கு வயது ஆறு, பெயர் வாலு. காரணம் சொல்லத் தேவையில்லை.

நெட்டை மாற்றியதே துருவியின் யோசனைதான். பழைய நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் முடியும் நேரத்தில் அப்பாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது. 'அன்பான வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்து, 'கட்டணம் உயர்கிறது' என்று முடிந்தது.

"அன்பானன்னு கூப்பிட்டாலே நான் உஷாராயிடுவேன்" என்றாள் அம்மா.

துருவி வேலையில் இறங்கினாள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் அப்பாவைப் போன் செய்யவைத்து, பக்கத்திலேயே நின்று கேள்விகளைக் கிசுகிசுத்தாள். 'சலுகை முடிஞ்சா எவ்வளவுன்னு கேளுங்கப்பா. நடுவுல நிறுத்தினா என்னன்னு கேளுங்கப்பா.' கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்.

"இதுல வேகம் ரெண்டு மடங்கு. பிடிக்கலைன்னா முதல் வாரத்துக்குள்ள நிறுத்திக்கலாம்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அம்மா. அம்மா அப்படி யாரையும் சட்டென்று நம்பிவிடுபவள் அல்ல. துருவி ஒரு விரல்கடை உயர்ந்துவிட்டதுபோல நடந்தாள்.

மாற்றும் நாளன்று, பழைய பெட்டியைத் துடைத்து அட்டைக்குள் வைத்து, அதன் அலுவலகத்தில் அப்பா ஒப்படைத்துவிட்டு வந்தார். புது நிறுவனத்தின் ஆள் வந்து, வெள்ளைப் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார். அப்பாவின் போனில் இணைத்துக் காட்டினார். நெட் பறந்தது.

மாலையில் அம்மா லேப்டாப்பைத் திறந்தாள். நெட் நொண்டியது.

அம்மா வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வீடியோவில் ஓவியம் சொல்லித் தருபவள். தினமும் மாலை வகுப்பு. புது நெட் வந்த நாளிலிருந்து திரையில் பிள்ளைகள் சிலைபோல உறைந்து நின்றார்கள். அம்மா மரம் வரையச் சொன்னால், அது அவர்கள் காதில் விழுவதற்குள் அம்மா பறவைக்குப் போயிருப்பாள். "வேற டீச்சர் பார்க்கலாம்னு இருக்கோம்" என்று ஒரு பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாள்.

இதோ, இன்றைக்கும் வகுப்பு நடுவில் நின்றுவிட்டது. "கொஞ்ச நேரம் இடைவேளைம்மா" என்று உறைந்த முகங்களிடம் சொல்லிவிட்டு, அம்மா நிறுவனத்துக்குப் போன் போட்டாள்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு மேடம்" என்றது போன் குரல். "உங்க பெட்டியில ஒரே ஒரு போன்தான் சேர்ந்திருக்கு. வேற யாருமே யூஸ் பண்ணலையே?"

"யாருமே யூஸ் பண்ணலையா? இங்க ஒரு லேப்டாப்பு, ஒரு டிவி, ஒரு டேப்லெட்டு ஓடுது. என்கிட்டயே கதை விடுறீங்களா?"

போனை வைத்துவிட்டு அம்மா துருவியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. களைப்பாகப் பார்த்தாள்.

"நாளையோட அந்த ஒரு வாரம் முடியுதும்மா. காலையில இதை நிறுத்திடப் போறேன். பழைய ஆளுங்க என்ன கேட்டாலும் குடுத்துட்டுப் போறேன். வகுப்பு இல்லாமப் போனா என்ன பண்றது?"

"அக்கா சொன்னது ரெண்டு மடங்கு" என்றான் வாலு, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். "ரெண்டு மடங்கு மெதுவு!"

துருவிக்கு முகம் சிவந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தாள். போன் குரல் சொன்னது மட்டும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. ஒரே ஒரு போன். அது அப்பாவுடையது. அதில் மட்டும் நெட் பறக்கிறது.

அப்படியென்றால் மற்றதெல்லாம் எதில் சேர்ந்திருக்கிறது?

"அம்மா, புதுப் பெட்டியோட பாஸ்வேர்டை லேப்டாப்புல யாரு போட்டா?"

"யாரும் போடலையே. திறந்தேன், அதுவே சேர்ந்துடுச்சு."

"புதுப் பாஸ்வேர்ட் அதுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா லேப்டாப்பைத் திரும்பிப் பார்த்தாள்.

துருவி டேப்பில் வைஃபை பட்டியலைத் திறந்தாள். டேப் சேர்ந்திருந்தது முதல் வரியில். அதை இரண்டு முறை படித்தாள். அங்கே இருந்த பெயர்: டைனோசர் குகை.

அது அவர்களுடைய பழைய நெட்டின் பெயர். வாலு வைத்தது. உலகத்தில் வேறு யாரும் வைக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பெட்டிதான் திரும்பிப் போய்விட்டதே!

"டைனோசர் சாகலை!" வாலு சோபாமேல் ஏறிக் குதித்தான்.

"குதிக்காதே. யாரோ நம்ம பேரைத் திருடியிருக்காங்க" என்றாள் துருவி. "பேரு மட்டும் இல்லை, பாஸ்வேர்டும் அதேதான். இல்லைன்னா டேப்பு தானா சேராது. நம்ம பாஸ்வேர்ட் நம்ம நாலு பேருக்குத்தான் தெரியும். டேய், யாருகிட்ட சொன்னே? எத்தனை மிட்டாய் வாங்கினே?"

"எனக்கு எழுதவே தெரியாது அந்தப் பாஸ்வேர்டை!"

அது உண்மைதான். துருவி அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா காது மடலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். எதையாவது ஒளிக்கும்போது மட்டும்தான் அப்பா காதைத் தேய்ப்பார்.

"அப்பா?"

"எனக்கு டூட்டிக்கு நேரமாச்சு."

"இன்னைக்கு உங்களுக்கு லீவாச்சே?"

"அட, ஆமால்ல?" என்றார் அப்பா. பால்கனிப் பக்கம் போய் வானத்தை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

அப்பாவைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம். துருவி டேப்பை விளக்குபோல முன்னால் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வைஃபையின் விசிறிக் குறி நிறைந்திருந்தால் கிட்டே இருக்கிறோம், குறைந்தால் தள்ளிப் போகிறோம். வாலு பின்னாலேயே பூனைநடை போட்டு வந்தான். மொட்டைமாடிப் பக்கம் ஏறினார்கள், விசிறி சுருங்கியது. கீழே இறங்கினார்கள்; விசிறி விரிந்தது. இரண்டாம் மாடியில் ஒரு கதவின் முன்னால் முழுசாக நிறைந்து நின்றது.

"ஆந்தை வீடு!" என்று கிசுகிசுத்தான் வாலு.

அந்த வீட்டில் தனியாக ஒருவர் இருந்தார். பகலெல்லாம் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு கிடப்பார். ஊரெல்லாம் தூங்கப் போகும் நேரத்தில் கிளம்பிப் போவார். விடிந்து வரும்போது சட்டையில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பொடி ஒட்டியிருக்கும். அதனால்தான் வாலு அவருக்கு அந்தப் பெயர் வைத்திருந்தான்.

கதவைத் தட்டக் கையைத் தூக்கிய துருவி, இறக்கிக்கொண்டாள். தெரியாத வீட்டைத் தனியாகத் தட்டக் கூடாது. மேலே ஓடி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள்.

அம்மா கையிலிருந்த தூரிகையைக்கூட வைக்கவில்லை. வாளைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

கதவு திறந்தது. உள்ளேயிருந்து வந்தவர் முகத்திலும் கோபம் இருந்தது.

"சார், எங்க நெட்டை நீங்க..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"நானே மேல வரலாம்னு இருந்தேன்மா" என்றார் அவர். "சாயங்காலமானா என் நெட்டு செத்துப்போகுது. மேல ஏதோ பெரிய மிஷின் ஓட்டுறீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்."

"உங்க நெட்டா? டைனோசர் குகை எங்க வீட்டுப் பேரு!"

அவர் முகம் மாறியது. கோபம் இருந்த இடத்தில் வெட்கம் வந்தது.

"பேரு உங்களுதுதான். லைன் என்னுதும்மா. என் பொண்ணு கப்பல்ல இன்ஜினியர். போன தடவை வந்தப்ப, முகம் பார்த்துப் பேசறதுக்கு அதோ அந்த வீடியோத் திரையை மாட்டிட்டுப் போனா. அவ கூப்பிட்டா அதுவே எடுக்கும், நான் எதையும் அமுக்க வேண்டாம். அப்ப உங்க வீட்டுக்காரர்தான் 'எங்க நெட்லயே போட்டுக்கங்க'ன்னு பாஸ்வேர்டைக் குடுத்தார்."

அம்மா மெதுவாகத் தலையை நிமிர்த்தி மாடிப்படியைப் பார்த்தாள். மேலே கைப்பிடிச் சுவருக்கு வெளியே நீண்டிருந்த அப்பாவின் தலை, ஆமைத் தலைபோல உள்ளே போனது.

"போன வாரம் அவரே, 'நாங்க லைன் மாத்துறோம், நீங்க ஒண்ணு எடுத்துக்கங்க'ன்னு சொன்னார். ஒரு ஆளுக்குப் போதும்னு இருக்கிறதுலயே சின்னதா எடுத்தேன். திரையில நெட்டுப் பேரை மாத்த எனக்குத் தெரியலை. உங்க வீட்டுல பெட்டியை மாட்டிட்டு என் வீட்டுக்கும் வந்த அந்த கம்பெனித் தம்பிதான், 'பழைய பேரும் பாஸ்வேர்டும் அப்படியே வெச்சிட்டா, திரைக்கு வித்தியாசம் தெரியாது சார்'னார். என்ன பேருன்னு கேட்டார். டைனோசர் குகைன்னேன். என்னை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார் பாருங்க!"

வாலு பெருமையாக நெஞ்சை நிமிர்த்தினான்.

துருவி மட்டும் அசையாமல் நின்றாள். திரைக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியானால் லேப்டாப்புக்கும் தெரியாது. டிவிக்கும் தெரியாது. டேப்புக்கும் தெரியாது.

"அம்மா, திருடன் யாருன்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"நாமதான்."

அம்மாவின் தூரிகையிலிருந்து நீல வண்ணம் ஒரு சொட்டு அவருடைய மிதியடிமேல் விழுந்தது.

"நம்ம பெரிய லைன் மேல சும்மா கிடக்கு. அப்பா போன் மட்டும்தான் அதுல இருக்கு. மிச்சம் எல்லாம் மாமாவோட சின்ன லைன்ல தொங்கிட்டு இருக்கு. உங்க வகுப்பு, இவனோட டிவி, எல்லாமே. மன்னிச்சிடுங்க மாமா. தெரியாமத்தான் நடந்தது."

அவர் கோபப்படவில்லை. கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் பொண்ணு... போனைக் கட் பண்ணலையா?"

"இல்லை மாமா. நெட்டுதான் நின்னுபோச்சு."

"நடுக்கடல்ல இருக்கா. சாயங்காலம் கொஞ்ச நேரந்தான் அவளால பேச முடியும். தினமும் 'அப்பா, ஒரு விஷயம் சொல்லணும்'னு ஆரம்பிப்பா. அப்படியே வாயைத் திறந்தபடி நின்னுடுவா. என்னமோ என்கிட்ட மறைக்கிறா, சொல்ல வந்துட்டுச் சொல்லாமப் போறான்னு நான் பாட்டுக்கு... தூக்கமே இல்லை."

"இன்னைக்கு நேரம் இருக்கா?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் இருக்கு."

வாலுவால் அடக்க முடியவில்லை. "உங்க சட்டைல ஒட்டுற வெள்ளைப் பொடி என்ன?"

"மைதா. ராத்திரி முழுக்க பேக்கரில வேலைப்பா."

"அப்ப நீங்க ஆந்தை இல்லையா?"

அவர் பதில் சொல்லும்வரை துருவி நிற்கவில்லை. இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். வாலுவும் பின்னால் ஓடிவந்தான்.

"டிவியை அணைடா!"

"இப்பத்தான் குட்டி டைனோசர் முட்டையிலேருந்து வெளிய வரப்போகுது..."

"அணை!"

வெள்ளைப் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த புதுப் பாஸ்வேர்டைப் பார்த்து லேப்டாப்பில் போட்டாள். டிவியில் போட்டாள். டேப்பில் போட்டாள். பழைய பெயரை அழுத்தியதும், 'இந்த இணைப்பை மறந்துவிடவா?' என்று டேப் கேட்டது.

வாலுவின் உதடு பிதுங்கியது. "என் குகையை மறக்கச் சொல்றியா?"

"குகை எங்கயும் போகலைடா. ஒரு மாடி கீழ இறங்கியிருக்கு, அவ்வளவுதான். புதுசுக்கும் நீயே பேரு வை. ஆனா பாஸ்வேர்டை அப்பாகிட்ட மட்டும் சொல்லாதே."

"நான் இங்கதான் இருக்கேன்" என்றார் அப்பா, திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து.

'மறந்துவிடு' என்பதைத் துருவி அழுத்தினாள்.

லேப்டாப் திரையில் உறைந்திருந்த பிள்ளைகள் சட்டென்று உயிர் பெற்றார்கள். ஒருத்தி கொட்டாவி விட்டாள். அது முழுசாகத் தெரிந்தது. படியேறி வந்த அம்மா அப்படியே உட்கார்ந்து, "எங்க விட்டேன்? ஆங், மரத்துல இப்ப ஒரு கிளி" என்று ஆரம்பித்தாள். பதினைந்து கைகள் ஒரே நேரத்தில் வரைய ஆரம்பித்தன.

துருவி வாசலில் நின்று கீழே காதைத் தீட்டிக்கொண்டாள். ஒரு பெண் குரல் நிற்காமல் பேசிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சிரிப்பு. பிறகு கதவு படாரென்று திறந்தது.

"பாப்பா!" என்று படிக்கட்டு அதிரக் கத்தினார் கீழ்வீட்டுக்காரர். "அடுத்த மாசம் வராளாம்! லீவு கிடைச்சிடுச்சாம்! இதைச் சொல்லத்தான் தினமும் வாயைத் திறந்திருக்கா!"

மறுநாள் காலை அம்மா புது நிறுவனத்துக்குப் போன் செய்யவில்லை. கதவைத் திறந்தபோது, கைப்பிடியில் ஒரு காகிதப் பை தொங்கியது. தொட்டால் சுட்டது. அதன்மேல் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை.

அம்மா பையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். உள்ளே புத்தம்புது பன்கள்.

"இவ்வளவு எதுக்குக் குடுத்திருக்காரு? நாமதானே அவருக்குத் தொந்தரவு குடுத்தோம்? எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கே..."

துருவி அதற்குள் ஒரு பன்னை எடுத்து வாய் கொள்ளாமல் கடித்திருந்தாள்.

"அம்மா, இதை மட்டும் துருவ வேண்டாம்" என்றாள். "ஆறிடும்."