வெற்று ஓட்டம்

குழாயில் இரத்தம் இல்லை. ஆயினும் இயந்திரம் அணுக்களை எண்ணிக்காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். பரிசோதனைக்கூடத்தில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை. மாதிரிகளை ஏற்றுவதற்கு முன் வெறும் கரைசலை மட்டும் உறிஞ்சச் செய்து, எல்லா எண்களும் சுழியமாக இருக்கின்றனவா என்று பார்ப்பது வழக்கம். அதற்கு வெற்று ஓட்டம் என்று பெயர். இன்று திரையில் வெள்ளணுக்கள் இருந்தன. கசடாக இருக்கும் என்று கரைசலை மாற்றினாள், குழல்களைக் கழுவினாள், மீண்டும் ஓட்டினாள். குளிர்சாதனத்தின் முனகலுக்கும் கிருமிநாசினியின் நெடிக்கும் நடுவே, உறிஞ்சுகுழல் மூச்சு வாங்குவதுபோல் விட்டுவிட்டு இழுத்தது. வெள்ளணுக்கள் பெருகியிருந்தன. சிவப்பணுக்கள் குறைந்திருந்தன. கீழே ஒரு வரி: ‘முதிராத அணுக்கள் இருக்கலாம். கண்ணாடித் தகட்டில் பார்க்கவும்.’

அதே வரியை அவள் நேற்றும் பார்த்தாள்.

நேற்று மாலை நாத்தனார் பரிசோதனைக்கூடத்துக்கு வந்திருந்தாள். படியேறியதற்கே இரைத்தது, எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்கையில் நீலம் பாய்ந்திருந்தது.

“நடிக்கல அண்ணி, நெஜமாவே முடியல.”

“பாத்திரம் கழுவுற நேரத்துல மட்டும் முடியாமப் போயிடும், இல்ல?” என்று சிரித்துக்கொண்டே ஊசியைக் குத்தினாள். இயந்திரம் எச்சரித்தபின், இரத்தத்தைத் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்பும் நேரம். ‘ஏற்க’ என்னும் பொத்தானை அழுத்திவிட்டாள். மாமியாரிடம், “கொஞ்சம் சோகை, அத்தை. மத்தபடி நம்ம தூங்குமூஞ்சிக்குச் சோம்பேறித்தனம்தான்” என்றாள். எப்போதோ அவள் சூட்டிய அந்தப் பட்டப்பெயரைச் சொல்லி வீடே சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள்.

குளிர்பெட்டியிலிருந்து நேற்றைய குழாயை எடுத்தாள். அது வெதுவெதுப்பாக இருந்தது. உடம்புச் சூடு.

தகட்டில் பூசி, சாயமேற்றிக் குனிந்து பார்த்தாள். உட்கருவே உடலாய்ப் பெருத்த அணுக்கள், விளிம்புமுதல் விளிம்புவரை. இரத்தப் புற்று. முதலாண்டு மாணவிகூடத் தவறவிட மாட்டாள்.

முகம் எரிந்தது. தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். என்னவென்று சொல்வது? இயந்திரம் பழுது என்று சொல்லலாமா? மானம் போகாத ஒரு சொல்லைத் தேடினாள். பின்னால் உறிஞ்சுகுழல் தானாகவே இழுத்தது. நின்றது. மெலிவாக இழுத்தது.

நெடுநேரம் நின்றது.

தொலைபேசியில் வீட்டு எண்ணை அழுத்தினாள். “அத்தை, அவள எழுப்புங்க. ஒடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க!”

“எதுக்கும்மா பதறுற? நீதானே ஒண்ணுமில்லன்ன? சாப்பிடாமக்கூடத் தூங்குறா. இரு.”

செருப்போசை. கதவு.

“ஏய் தூங்குமூஞ்சி! அண்ணி கூப்பிடுறா, எழுந்திரு.”

உறிஞ்சுகுழல் இழுக்கவில்லை.

“தூங்குமூஞ்சி… வெளையாடாதடி.”

திரை மாறியது. வெள்ளணுக்கள், சுழியம். சிவப்பணுக்கள், சுழியம். தட்டணுக்கள், சுழியம். பச்சை விளக்கு.

‘வெற்று ஓட்டம் சரி. அடுத்த மாதிரியை வைக்கவும்.’

கைக்குள் குழாய் மெல்லச் சில்லிட்டது. காதில் மாமியார் இன்னும் அந்தப் பெயரையே சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.