மஞ்சள் தாளில் இல்லாத சொற்கள்

அறிவியல் தேர்வில் சுருட்டைக்கு முட்டை. அதுவும் துணி காய்வதைப் பற்றிய பாடத்தில்! சலவைக் கடைக்காரியின் மகளுக்குத் துணி காயவைக்கத் தெரியாது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

'ஆவியாதலை விரைவுபடுத்தும் காரணிகள் யாவை?' என்பது கேள்வி. ஆவியாதல் என்றால் என்ன? காரணி என்றால் யார்? சுருட்டை பென்சிலைக் கடித்துத் துப்பியதுதான் மிச்சம். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முட்டை வாங்கியவர்களுக்கு வெள்ளிக்கிழமை சோதனைக் கூடத்தில் இடமில்லை. மற்றவர்கள் அடுப்பு மூட்டிச் சோதனை செய்வார்கள். சுருட்டையும் அவள் பெஞ்சுக்காரன் தும்மலும் வகுப்பில் உட்கார்ந்து படம் வரைய வேண்டும்.

அன்று மாலை, அதே வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டுக் கண்ணாடி, சலவைக்குப் போட்ட சீருடையை வாங்கக் கடைக்கு வந்தாள். அவள் கையில் வெள்ளைத் தாள் இருந்தது. வகுப்பில் டீச்சர் தரும் பாடக் குறிப்பு, வேகமாகப் படிப்பவர்களுக்கு வெள்ளைத் தாளில், மெதுவாகப் படிப்பவர்களுக்கு மஞ்சள் தாளில். சுருட்டைக்கு மஞ்சள்.

சும்மா எட்டிப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'நீர் ஆவியாக மாறுவது ஆவியாதல். வெப்பம், காற்று, பரப்பு ஆகியவை இதை விரைவுபடுத்தும் காரணிகள்.' கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளும் போட்டிருந்தது!

"இதெல்லாம் உன் தாள்ல இருக்கா?"

"உன் தாள்ல இல்லையா?" என்று கேட்டாள் கண்ணாடி.

சுருட்டையின் தாளில் இருந்தது ஒரே வரி: 'வெயிலில் துணி காயும்.'

"அம்மா! வார்த்தையை ஒளிச்சு வெச்சுட்டு, அதையே பரீட்சைல கேக்கறாங்கம்மா!"

"கேள்வி போட்டது நானா? என்கிட்ட எதுக்குக் கத்தறே? போய்க் கொடியில துணியை எடு" என்றாள் அம்மா.

சுருட்டை முணுமுணுத்துக்கொண்டே போனாள். விரித்துப் போட்ட சட்டைகள் மொடமொடவென்று காய்ந்திருந்தன. கசங்கிச் சுருண்டு கிடந்த ஒரு துண்டு மட்டும் சொதசொதவென்று இருந்தது. அவள் அப்படியே நின்றாள். பரப்பு! இதுதானா அது? இத்தனை நாள் தினமும் கையால் தொட்ட விஷயம்! அதன் பெயரைத்தான் தராமல் விட்டிருக்கிறார்கள். கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் காலையிலேயே இரண்டு துண்டுகளை நனைத்து, ஒன்றை வகுப்பு ஜன்னல் கம்பியில் விரித்துப் போட்டாள். இன்னொன்றைச் சுருட்டி அதன் கீழே வைத்தாள். மஞ்சள் தாள் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். மதியத்துக்குள் விரித்தது காய்ந்துவிட்டது.

"எது முதல்ல காஞ்சுது? அதுக்குப் பரப்பு ஜாஸ்தி. வெப்பம், காற்று மாதிரி பரப்பும் ஒரு காரணி" என்றாள் சுருட்டை.

"என் மூக்கு எப்போ ஆவியாகும்?" என்று கேட்டான், வருடம் முழுக்க ஜலதோஷத்தில் இருக்கும் தும்மல்.

"மூக்கு ஆவியாகாது. அதுல ஒழுகற தண்ணிதான் ஆகும். துடைடா!"

சிரிப்புச் சத்தம் கேட்டு அறிவியல் டீச்சர் வந்தார். சுருட்டை தன் மஞ்சள் தாளையும், கண்ணாடியிடம் வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தாளையும் நீட்டினாள்.

"எங்க தாள்ல ஏன் டீச்சர் இந்த வார்த்தையெல்லாம் இல்லை?"

"உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னுதாம்மா எடுத்துட்டேன்."

"கஷ்டமா இருந்தா சொல்லிக் குடுங்க டீச்சர். எடுத்துட்டு, அப்புறம் அதையே கேட்டு முட்டை போட்டா எப்படி?"

டீச்சர் தாள்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜன்னலில் காய்ந்திருந்த துண்டைத் தொட்டுப் பார்த்தார்.

"தப்பு என்னோடதுதான்" என்றார். "இப்ப சொல்லுங்க. ஆவியாதலை விரைவுபடுத்தும் காரணிகள் யாவை?"

"வெப்பம்! காற்று! பரப்பு!" என்று மஞ்சள் தாள் பெஞ்சுகள் கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எட்டிப் பார்த்தது.

வெள்ளிக்கிழமை சோதனைக் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே தாள், ஒரே சொற்கள், கீழே பொருள். தும்மல் அதைப் பார்த்து முனகினான்.

"அம்மாடி! எவ்ளோ பெரிய வார்த்தை!"

"பெருசா இருந்தா இருக்கட்டும்" என்று தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள் சுருட்டை. "இனிமே அது நம்மளோடது."