நான்கில் ஒரு குடம்

மேற்கே குன்றுகளுக்குப் பின்னால் கதிரவன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே முழுமதி சற்றும் அவசரமின்றி எழுந்துகொண்டிருந்த அந்த அந்திப் பொழுதில், வெண்கோட்டு நாட்டின் பேரேரி பொன்னும் வெள்ளியும் கலந்த நிறத்தில் அலையாடியது. நாணற் புதர்களில் நாரைகள் அடைந்தன. மருத மரங்களினூடே வந்த காற்றில் புது வைக்கோலின் மணம் இருந்தது. வாசகர்களே, இந்த எழிலைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். மதகின் மேல் நின்றிருந்த நீலநங்கை அன்று அந்த மணத்தையே வெறுத்தாள்.

அவள் மழவராயரின் ஒரே மகள். தந்தை எல்லைப் போருக்குச் சென்ற நாள் முதல் நாட்டை ஆள்பவள். மழை பொய்த்து ஏரி பாதிகூட நிரம்பாத அந்த ஆண்டில், நீரை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வி அவள் தலையில் விழுந்தது. ஏரியை ஒட்டிய மேலூர்களுக்கும், நான்கு காதம் தள்ளியிருந்த கடைமடை ஊர்களுக்கும் சமமான நேரம் மதகு திறப்பதுதான் தொன்றுதொட்டு வந்த முறை. அம்முறை வேண்டாம் என்றவன் எயினன். ஏரிக்கு அதிகாரி, அவளை மணக்க இருந்தவன்.

"தேவி, நான்கு குடம் விட்டால் மூன்றைக் கால்வாய் மணல் குடித்துவிடும். கடைமடைக்குச் சேருவது ஒரு குடம்தான். சமமாகப் பங்கிட்டால் எங்குமே கதிர் முற்றாது. அத்தனை நீரையும் மேலூர்களுக்கே விடுவோம். விளைந்ததில் பாதியை வண்டியேற்றி அனுப்புவோம். நெல்லை மணல் குடிக்காதல்லவா?"

சொன்னது சரியென்று நம்பினாளா, சொன்னவன் அவன் என்பதால் நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே விடை தெரியாது. தானே குதிரையேறிக் கடைமடைக்குச் சென்றாள். பாதி நெல் உங்களுக்கு என்று கூறித் தன் கணையாழியைக் கழற்றிக் கொடுத்தாள். அவர்களும் அதை நம்பித் தங்கள் மடையைத் தாங்களே அடைத்தார்கள்.

மேலூர்க் களங்களில் நெல் மலையாய்க் குவிந்தது. கடைமடைக்கு ஒரு வண்டிகூடப் போகவில்லை. இன்று மாலை மதகுப் பலகையைப் பெயர்க்க முயன்ற ஒருவனைக் காவலர் பிடித்தனர். அவன் மடியில் இருந்தது அவளுடைய கணையாழி. ஆதன் என்று பெயர் சொன்ன அம்மனிதன், கைகள் கட்டுண்டு, கன்னம் ஒட்டி, அவள் எதிரே நின்றான்.

எயினன் குதிரையிலிருந்து இறங்கி வந்தான். கைதியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நெல் எங்கே?" என்றாள் நீலநங்கை.

"தங்கள் தந்தையின் ஓலைப்படி காலையிலேயே பாசறைக்குப் போய்விட்டது, தேவி. கடைமடைக்கு அனுப்பினால் மாடும் காவலும் தின்றது போகப் பாதிதான் இறங்கும். அங்கே பாதிக் குடிகள் ஊரைவிட்டே போய்விட்டார்கள். பாசறையில் ஒரு மணியும் வீணாகாது. நாடு நின்றால்தானே பங்கு?"

அன்று கேட்ட அதே தெளிவான குரல். எவ்வளவு தேடியும் அவளுக்கு அதில் பிழை தெரியவில்லை. எத்தனை முறை கணக்குப் போட்டாலும் கடைமடைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்பது மட்டுமே கசந்தது.

ஆதன் மெல்லப் பேசினான். "தாயே, பழைய முறையில் விட்டிருந்தாலும் எங்கள் பயிர் கருகித்தான் இருக்கும். ஆனால் மணல் குடித்ததாகச் சொன்ன மூன்று குடமும் எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லையே. கால்வாயில் ஊற்றுத் தோண்டிக் கோடை முழுதும் அதைத்தான் குடிப்போம். இந்த ஆண்டு இடுப்பளவு தோண்டியும் ஈரமில்லை. அது தம்பிக்குத் தெரியும்."

"யார் தம்பி?"

அவன் எயினனைப் பார்த்தான். "அம்மா போய் இருபது நாளாகிறது, எயினா. கடைசிவரை தண்ணீர்தான் கேட்டாள்."

நீலநங்கை எயினனை ஏறிட்டாள். மணல் எவ்வளவு குடிக்கும் என்று அவன் அத்தனை திட்டமாகச் சொன்னது எப்படி என்பது இப்போது விளங்கிற்று. அந்த நான்காவது குடத்துக்குக் காத்திருந்து வளர்ந்தவன் அவன்.

"ஊற்று நீரில் நெல் விளையாது, தேவி," என்றான் எயினன். குரல் உடைந்திருந்தது. "நாட்டுக்கு எது அதிகம் விளையும் என்பதை மட்டுமே அளந்தேன். நான் கடைமடையான் என்று தெரிந்திருந்தால் தங்கள் அவை என்னை அளக்கவே விட்டிருக்காது."

"விட்டிருக்காது," என்றாள் அவள். "அதுவும் எங்கள் குற்றமே. ஆனால் ஊற்றைத் தாங்கள் அறிந்திருந்தீர்கள்."

உடைவாளை உருவி ஆதனின் கட்டை அறுத்தாள். காவலரை அழைத்து மதகைத் திறக்கச் சொன்னாள்.

"அடுத்த போகத்துக்கென்று வைத்த நீர் அது, தேவி. மணலுக்குப் போய்விடும்."

"போகட்டும். மணல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்." ஆதனிடமிருந்த கணையாழியை அவள் வாங்கவில்லை. "பாதி நெல் கடைமடையில் இறங்கும்வரை, அங்கே ஊறும் நீரைத் தவிர வேறு நீர் அருந்தேன். அதுவரை மணமாலையும் சூடேன். இந்த ஏரி சாட்சி."

அவள் கால்வாயில் இறங்கி ஆதனோடு நடந்தாள். மதகிலிருந்து பாய்ந்த நீர் முதல் திருப்பம்வரை நிலவொளியில் மின்னியபடி அவர்களுடன் வந்தது. பிறகு பின்தங்கிற்று. சற்றுத் தொலைவு சென்று நீலநங்கை திரும்பிப் பார்த்தாள். மணல் வெறும் மணலாகவே கிடந்தது. அவளுக்கு அப்போதே தாகம் எடுத்திருந்தது.