அத்தாவின் வெள்ளை லுங்கி

"நௌஷீனு, உங்க அக்காவாண்ட சொல்லு. சோறு ஆறிப்போவுது," என்றார் அம்மா.

ஜபீன் அக்கா அம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"எனக்குப் பசிக்கலன்னு உங்கம்மாவாண்ட சொல்லு," என்றாள் ஜபீன்.

"நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று சிணுங்கினாள் நௌஷீன். யாருமே சிரிக்கவில்லை.

மூன்று நாளாக வீடு இப்படித்தான் இருந்தது. சண்டைக்குக் காரணம் குட்டி அஃப்தாப். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பிறந்தே நாற்பது நாள்தான் ஆகிறது.

அஃப்தாப், பெரிய அக்கா ஜாஹிதாவின் குழந்தை. பிரசவத்துக்காகக் கும்மிடிப்பூண்டிக்கு வந்திருந்த ஜாஹிதா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மீஞ்சூருக்கு, மாமியார் வீட்டுக்குக் கிளம்புகிறாள். அப்போது குழந்தைக்கு ஓர் ஒட்டுத்துணி விரிப்பு தைத்துக் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். துணிகளைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுப்போட்டு, நடுவில் மெத்தென்று ஒரு துணியை வைத்துத் தைப்பார்கள்.

அம்மா கையாலேயே ஒன்று தைத்திருந்தார். அவருடைய பழைய புடவை, ஜாஹிதாவின் துப்பட்டா, நௌஷீனுக்குச் சின்னதாகிப்போன பாவாடை எல்லாம் அதில் இருந்தன. சிவப்பு, பச்சை, ஊதா, நடுவில் பூப்போட்ட ரோஜா நிறம்.

ஜபீனும் ஒன்று தைத்திருந்தாள். தொழிற்பேட்டையில் வெளிநாட்டுக்குத் துணி அனுப்பும் கம்பெனியில் அவள் டெய்லர். அங்கே பார்த்த புது மாதிரியில், மெஷினில் தைத்தது. முழுக்கச் சாம்பல் நிறப் புதுத்துணி. குறுக்கே சாய்வாக ஒரே ஒரு மஞ்சள் பட்டை. அவ்வளவுதான்.

"இன்னாடி இது, பாதி தச்சிட்டு எழுந்து போன மாதிரி காலியா கெடக்குது?" என்று அம்மா கேட்டதில் ஆரம்பித்தது வினை.

"அதாம்மா ஸ்டைலு! உன்னோடது கண்ணைப் பறிக்குது. சந்தைக்குள்ள பூந்த மாதிரி இருக்குது," என்றாள் ஜபீன்.

"பச்சப்புள்ளைக்குப் புதுத்துணி ஆவாதுடி."

"ரெண்டையும் நானே எடுத்துக்கினு போறேனே," என்று ஜாஹிதா கெஞ்சிப் பார்த்தாள்.

"அதையும் எடுத்துக்கினு போனா, என்னோடது வேணாம்!" என்று அம்மாவும் ஜபீனும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். வழியனுப்ப ஸ்டேஷனுக்கே வரப்போவதில்லை என்றும் ஜபீன் சொல்லிவிட்டாள். ஜாஹிதாவின் கண் கலங்கிவிட்டது. அக்கா அழுதுகொண்டே ரயில் ஏறிவிடுவாளோ என்று நௌஷீனுக்குக் கவலையாக இருந்தது.

சனிக்கிழமை மத்தியானம். ஜாஹிதா குளிக்கப் போனாள். "நௌஷீனு, இவன் தூக்கத்துக்கு அழுவுறான். கொஞ்சம் பாத்துக்கோ!"

நௌஷீன் முதலில் அம்மாவின் விரிப்பில் அஃப்தாபைப் படுக்க வைத்தாள். அழுகை சட்டென்று நின்றது. சிவப்பைப் பார்த்தான், பச்சையைப் பார்த்தான், காலை உதைத்து உதைத்து விளையாடினான். கண் சிவந்துபோயும் தூங்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அழுகை.

அவனைத் தூக்கி ஜபீனின் விரிப்பில் போட்டாள். அங்கே வேடிக்கை பார்க்க ஒன்றுமே இல்லை. கண் மெல்ல மெல்லச் சொருகியது. அப்பாடா என்று நினைப்பதற்குள் தலையைத் திருப்பினான். மொடமொடப்பான புதுத்துணி கன்னத்தில் உரசியது. வீடே அதிர வீறிட்டான்.

"ஒண்ணுல தூக்கம் வரல. இன்னொண்ணுல வந்த தூக்கம் போயிடுச்சு," என்று முணுமுணுத்தாள் நௌஷீன். சொல்லும்போதே அவளுக்கு ஒரு யோசனை வந்தது.

கொடியில், பிள்ளைகள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவின் வெள்ளை லுங்கி காய்ந்துகொண்டிருந்தது. துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆகிவிட்ட லுங்கி. அதை நாலாக மடித்துப் போட்டு, குழந்தையைப் படுக்க வைத்தாள். அஃப்தாப் ஒரு கொட்டாவி விட்டான். தூங்கியே போனான்.

நௌஷீன் அம்மாவையும் ஜபீனையும் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"பாருங்க. இதுல ஒரு பூ கூட இல்ல, அக்கா ஸ்டைலு. பழைய துணி, அம்மா ஸ்டைலு. ஒரே விரிப்புல ஒரு பக்கம் அம்மாவோடது, முழிச்சிக்கினு இருந்தா விளையாட. மறுபக்கம் அக்காவோடது, தூங்க. பழைய துணியில தச்சா போதும்!"

இருவரும் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"வெள்ளைத்துணியா? புள்ள ஒண்ணுக்குப் போனா?" என்றார் அம்மா. இந்தத் தடவை அவர் நௌஷீனைப் பார்த்துச் சொல்லவில்லை.

"தொவைச்சா போச்சும்மா," என்றாள் ஜபீன். "மஞ்சப் பட்டைக்கு உன் பழைய பொடவை எதுனா கீதா?"

"கீது, கீது. ஆமா, உங்க அத்தா லுங்கியைத் தேடுவாரேடி?"

"போன வாரம் அவருதானே இத்துப்போச்சுன்னு சொன்னாரு?" என்றாள் நௌஷீன்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜபீனும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நௌஷீனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலை மும்முரமாக நடந்தது. அம்மா தன் விரிப்பின் அடித்துணியைப் பிரித்தார். ஜபீன் லுங்கியை வெட்டி, மஞ்சள் பட்டையை மெஷினில் சேர்த்தாள். பிறகு இரண்டையும் ஒன்றாக வைத்துக் கையால் தைக்க வேண்டும். இந்தப் பக்கம் போடும் தையல் அந்தப் பக்கமும் தெரியுமே! அதனால் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து, துணியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துத் தைத்தார்கள்.

"நேரா வாம்மா!"

"நேராத்தான்டி வரேன். நீதான் அந்தப் பக்கம் இழுக்குற."

"ஜபீனு, போதும், வா. சோறு ஆறிப்போவுது," என்றார் அம்மா கடைசியில், நேராக ஜபீனைப் பார்த்து. போஸ்ட்மேன் வேலை போனதில் நௌஷீனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் பை எல்லாம் தயார். ஸ்டேஷனுக்குப் போக ஜபீன்தான் எல்லோருக்கும் முதலில் தலைவாரி நின்றாள். அப்போது குளித்துவிட்டு, இடுப்பில் துண்டோடு அத்தா வந்தார்.

"என் வெள்ளை லுங்கி எங்க? கொடியில காணோமே!"

அத்தாவின் பார்வை விரிப்பில் தூங்கும் பேரன்மேல் விழுந்தது. குனிந்து துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என் லுங்கி..."

"ஷ்ஷ்ஷ்!" என்றார்கள் நான்கு பேரும்.

அத்தா சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "நல்லாத் தூங்குறான் இல்ல?" என்று கிசுகிசுத்தார். பிறகு துண்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சத்தம் போடாமல், வேறு லுங்கி தேடப் போனார்.