மின்னல் கோத்த பல்சக்கரம்

எல்லோரும் நலம்தானே? முழங்கால், முதுகு, தொண்டை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கின்றனவா? மழைக்காலம் பாருங்கள், யாருக்குப் போன் போட்டாலும் முதலில் தும்மல்தான் கேட்கிறது. ஒரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வாகாக உட்காருங்கள். நான் சொல்லப்போவதும் ஒரு மழைநாள் மத்தியானம் நடந்ததுதான்...

“அசையாதீங்க.”

அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தையே இதுதான். வணக்கம் கிடையாது, யார் என்ன என்ற விசாரிப்பு கிடையாது. குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

அவன் பாவம், மழைக்குத் தப்பி அப்போதுதான் உள்ளே ஓடி வந்திருந்தான். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பெட்டி. தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கொக்கு மாதிரி ஒற்றைக்காலில் நின்றான்.

“எவ்வளவு நேரம் இப்படி?”

“கிடைக்கிற வரைக்கும்.”

“என்ன கிடைக்கிற வரைக்கும்?”

“ஷிம்.”

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷிம்மைத் தொலைத்த வயிற்றெரிச்சல், ஷிம்மைத் தொலைத்தவர்களுக்குத்தான் தெரியும்.

நமக்கும் தெரிய வேண்டாமா... சொல்கிறேன். அது தகரக்கூரை போட்ட பழைய கிடங்கு. உள்ளே மண்ணைக் கொட்டி, மேடும் பள்ளமும் வளைவுமாகப் பாதை போட்டிருந்தார்கள். விடுமுறை நாட்களில் ரிமோட் கார் பந்தயம் நடக்கும். பொம்மைக் கார்தானே என்று நினைத்துவிடாதீர்கள், ஓட்டுகிறவர்கள் எல்லாம் தாடியும் தொப்பையுமாக வளர்ந்த ஆட்கள். காரின் பின்பக்கத்தில் டிஃபரன்ஷியல் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் வேகமாகவும் உள்பக்கச் சக்கரம் மெதுவாகவும் சுற்ற வழி செய்வது அதுதான். அதற்குள் ஒரு பெரிய பல்சக்கரமும் ஒரு சின்னதும் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு ஓடும். நடுவில் இடைவெளி கூடினால் பல் நழுவி மொட்டையாகிவிடும். குறைந்தால் இறுகிப்போய் மோட்டார் கொதிக்கும். அதைச் சரிசெய்யப் பெரிய சக்கரத்தின் முதுகில் ஒரு தலைமுடி கனத்துக்கு மெல்லிய இரும்பு வளையம் வைப்பார்கள். அதுதான் ஷிம்.

தரையில் அது இல்லை. தவழ்ந்து வந்தவள் டார்ச்சை மேலே திருப்பினாள். தூக்கியிருந்த ஷூவின் ஈர அடியில் பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டு மின்னியது. இடுக்கியால் மெல்ல உரித்தாள். உரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்...

பார்த்திருக்கக்கூடாது. அவன் இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. உதடு மரியாதையாக மூடியிருக்க, கண்கள் மட்டும் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தன. ‘ஒத்தைக் கால்ல நிக்கிற ஆளுக்கு இவ்வளவு பொறுமையா... இவ்வளவு அழகா...’

எந்த ஷிம்மை எடுத்தாலும் நகத்தின்மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும். அன்றைக்குத் தேய்க்கவில்லை.

வெளிக் கொட்டகை ஒழுகியதால் எல்லோரும் உள்ளே வந்து நெருக்கியடித்தார்கள். பாதி மேசை தர முடியுமா என்று கேட்டு, அவள் எதிரிலேயே அவனும் உட்கார்ந்தான். அவன் காரின் மேல் ‘நிதானம்’ என்று எழுதியிருந்தது. அவன் கிளப்பில் அவனுக்கு வைத்த பெயராம் அது. லிஃப்ட் மெக்கானிக், இந்த இடத்துக்கு முதல் தடவையாக வந்திருக்கிறான். அவள் காரில் ‘மின்னல்’. மின்னல் மாதிரிக் கிளம்பி, மின்னல் மாதிரியே பாதியில் காணாமல் போகிறவள் என்று ஊரே சிரிக்கும்.

அந்தச் சிரிப்பில் பெரிய சிரிப்பு அவள் அண்ணனுடையது. இத்தனை நாளும் அவள் கார் கியரைப் பிரித்துக் கோத்தவன் அவன்தான். “நீ ஓட்டு, பிரிக்காதே” என்பது அவன் சட்டம். வேடிக்கை என்னவென்றால், அவள் வேலையே செயற்கைப் பல் செய்வதுதான். ஊரார் பல்லையெல்லாம் இம்மி பிசகாமல் உட்காரவைக்கிறவளுக்குத் தன் சொந்தக் காரின் பல்லைத் தொட உரிமையில்லை. போன மாதம் ரோஷத்தில் தானே கோத்தாள். மூன்றாவது சுற்றில் மொட்டை. அண்ணன் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லிக் கிண்டலடித்தான்.

ஆகவே இன்று பந்தயத்துக்குள் ஒரு பந்தயம். அவள் கோத்த கியர் கடைசிப் போட்டியின் பதினைந்து நிமிடமும் தாங்கினால், அண்ணன் இனி அவள் காரைத் திறக்க மாட்டான். தாங்காவிட்டால், அவள் இனி ஸ்க்ரூ டிரைவரையே எடுக்கக்கூடாது. ஒப்புக்கொண்டு, தன் கருவிப் பெட்டியைப் பூட்டி அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டான் அண்ணன்.

அவசர அவசரமாகக் கோத்தாள். மூடியை வைத்துச் சுற்றிப் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது. திருகாணிகளை இறுக்குவதற்குள் தகுதிச் சுற்றுக்குப் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். இறுக்கியபிறகு இன்னொரு முறை சுற்றிப் பார்க்க நேரமில்லை. ஓடியது கார்... ஓடியது என்று சொல்லக்கூடாது, முனகிக்கொண்டே நகர்ந்தது. திரும்பி வந்தபோது மோட்டாரில் விரல் வைக்க முடியவில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசி ஆளாகத் தேறினாள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவன்மேல் அத்தனை கோபமும் பாய்ந்தது.

“நீங்க மிதிச்சதுல ஷிம் வளைஞ்சு போச்சு.”

“நான் எங்கங்க மிதிச்சேன்? பாதி மிதியிலேயே நிறுத்திட்டீங்களே.”

“அந்தப் பாதியே போதும்.”

அவன் தன் பெட்டியிலிருந்து பிரிக்காத புது ஷிம் பாக்கெட் ஒன்றை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். அவள் ஒரே விரலால் அதைத் திருப்பித் தள்ளினாள். நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையின் அந்தக் கோடிக்கே போய்விட்டாள். பிடிவாதத்தில் அந்தக் குடும்பத்தை யாராலும் மிஞ்ச முடியாது.

அதற்குள் சத்தம் கேட்டு உதவிப் படையெடுப்பு ஆரம்பித்தது. அங்கே உதிரிபாகம் விற்கும் கடைக்காரர் கையை நீட்டினார், இங்கே கொடும்மா என்று. தாடிக்காரர் ஒருவர் கேட்காமலேயே காரைத் தூக்கப் பார்த்தார். அண்ணன் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே, தோற்றதாகச் சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்து தருவதாகச் சேதி அனுப்பினான். காரை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள் அவள். கண் கலங்கிவிடுமோ என்று பயமாக இருந்தது. ‘அழுதா முடிஞ்சுது... அண்ணன் ஜென்மத்துக்கும் விடமாட்டான்.’

மெல்ல டிஃபரன்ஷியல் பெட்டியைத் திறந்தாள். வேலைக்குக் கொண்டுபோகும் பையிலிருந்து ஒரு துண்டு சிவப்புக் காகிதம் எடுத்தாள். பல் வைத்தியரிடம் போயிருந்தால் உங்களுக்குத் தெரியும். ‘கடிங்க’ என்று வாயில் வைப்பார்களே, எந்த இடம் உயரமாக இடிக்கிறது என்று சாயம் ஒட்டிக் காட்டுமே, அதே காகிதம். அதைப் பல்சக்கரங்களுக்கு நடுவே விட்டு, மூடியை இறுக்கிச் சுற்றினாள். திறந்து பார்த்தால் பல்லின் அடிவரைக்கும் ஒரே சிவப்பு. இறுக்கமோ இறுக்கம்.

ஷிம்மை வெளியே எடுத்தாள். தட்டையாக, துளிக்கூட வளையாமல் இருந்தது. நகத்தில் வைத்துத் தேய்த்தாள்... ஒன்று இரண்டாகப் பிரிந்தது. பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு வளையங்கள். ஷூவிலிருந்து உரித்தபோதே இரண்டுதான். இவள்தான் ஒன்று என்று நினைத்துவிட்டாள்... எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் நமக்குத் தெரியுமே.

முகம் காதுவரை சூடாகியது. கூரையில் மழை கொட்டித் தீர்த்தது.

ஒன்றைக் கழற்றிவிட்டுக் கோத்தாள். மறுபடி காகிதம். இப்போது சாயம் பல்லின் நடுவில் மட்டும் அழகாக ஒற்றியிருந்தது. மூடியை இறுக்கி, ஒரு முழுச் சுற்று விரலால் சுற்றிப் பார்த்தாள். எங்கேயும் சிக்கவில்லை, ஓர் இம்மி ஆட்டம் மட்டும். கடைசிப் போட்டிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது, கியரைவிடக் கஷ்டமானது. காரைத் தூக்கிக்கொண்டு மேசையின் மறுகோடிக்குப் போனாள்.

“நீங்க மிதிச்சதுல ஒண்ணும் ஆகல. ரெண்டு ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. தப்பு என்னோடது.”

“பரவாயில்லங்க. லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்க திட்டுறதோட ஒப்பிட்டா, நீங்க பேசினது தாலாட்டு.” அவன் சிரித்தான். “ரெண்டு இருந்ததை எப்படிக் கவனிக்காம விட்டீங்க?”

“கவனம்... வேற எங்கேயோ இருந்துச்சு.”

சொன்னபிறகுதான் சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. அவன் காது மடல் சிவந்ததை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி காரை அவன் முன்னால் நீட்டினாள்.

“ஒரு தடவை சுத்திப் பார்த்துச் சொல்லுங்க. சரியா இருக்கா?”

அவன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“நான் தொட மாட்டேன். தொட்டா நாளைக்கு உங்க அண்ணன், அந்த ஆள்தான் செட் பண்ணிக் குடுத்தான்னு சொல்லுவார். உங்க விரல் என்ன சொல்லுது?”

அவள் மறுபடி சுற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு.

“சரின்னு சொல்லுது.”

“அப்போ சரி.”

பிறந்ததிலிருந்து அவள் கையிலிருந்ததைப் பிடுங்காத முதல் மனுஷன்... அந்த நிமிடம் அவள் மனசு என்ன பாடுபட்டிருக்கும்...

கடைசிப் போட்டியில் ஆறு கார்கள். மின்னல் கடைசி இடத்திலிருந்து கிளம்பியது. முனகல் இல்லை, ஒரே சீரான ரீங்காரம். ஐந்தாவது நிமிடத்தில் நாலாவது இடம். ஏழாவது நிமிடத்தில், எப்போதும் காணாமல் போகும் அந்தப் பெரிய மேட்டில் பறந்து, இறங்கி, ஒன்றுமே நடக்காதது போல ஓடியது. பத்தாவது நிமிடத்தில் அண்ணன் பெட்டியை விட்டு எழுந்துவிட்டான். பன்னிரண்டில் முதலிடம். இப்போது பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது யார் என்றால்... நிதானம். விட்டேனா பார் என்று விரட்டினான் அவன். ஒவ்வொரு வளைவிலும் மூக்கை நுழைத்தான். ‘இப்ப மட்டும் பக்கத்துல பார்க்கக் கூடாது... பார்த்தா போச்சு...’ பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். மணி அடித்தபோது, ஒரு சாண் முன்னால் கோட்டைத் தாண்டியது மின்னல்.

கிடங்கே அதிர்ந்தது. அண்ணன் ஓடி வந்து காரைக் கையில் வாங்கினான். பின்சக்கரத்தைப் பிடித்து மெல்லச் சுற்றினான். மோட்டாரில் விரல் வைத்தான். காதருகே கொண்டுபோய் இன்னொரு முறை சுற்றினான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

“நான் கோத்ததைவிட நல்லா இருக்குடி,” என்றான் கடைசியில். “சாவியை வச்சுக்க. பெட்டியும் உன்னோடதுதான்.” பிறகு, தனக்கு ஏதோ தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டான்.

கூட்டம் கலைந்தபிறகு பார்த்தால் மேசையில் இவர்கள் இரண்டு பேர்தான்.

“கடைசி வளைவுல விட்டுக் குடுத்தீங்களா? உண்மையைச் சொல்லுங்க,” என்று கேட்டாள்.

“விட்டா குடுத்தேன்? உள்பக்கமா நுழைஞ்சிடலாம்னு ரெண்டு தடவை பார்த்தேன். நீங்க இடமே குடுக்கல. விட்டுக் குடுத்திருந்தா நாளைக்கு உங்க முகத்துல எப்படி முழிக்கிறது?”

“நாளைக்கு எதுக்கு என் முகத்துல முழிக்கணும்?”

இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி நின்றுவிட்டான் அவன். மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அவள்தான் கதவைத் திறந்துவிட்டாள்.

“எனக்குப் பிடிச்சிருக்கு,” என்றாள். “காரைச் சொல்லல.”

“மழைச் சத்தத்துல சரியாக் கேக்கல... இன்னொரு தடவை...”

மழை நின்று பத்து நிமிடம் ஆகியிருந்தது.

“உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா? இல்ல மைக்ல சொல்லணுமா?”

“மைக் வேண்டாம், உங்க அண்ணன் டீயைக் கீழ போட்டுடுவார்.” அவன் குரல் இறங்கியது. “எனக்கும் பிடிச்சிருக்குங்க. மத்தியானத்துலேருந்தே... நடுவுல சொல்லியிருந்தா உங்க கவனம் கெட்டுப்போயிருக்கும். உங்க ஜெயத்துக்கு நடுவுல நான் வரக்கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்.”

அவள் தன் நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்...

சரி, நான் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் எப்படி? முதல் பார்வையிலேயே சண்டையா, சிரிப்பா? யார் முதலில் வாயைத் திறந்தது? வெட்கப்படாமல் எனக்கு எழுதிப் போடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவரிடமும் கேட்டே எழுதுங்கள், அவர் கணக்கு வேறு மாதிரி இருக்கும்.