பனி தங்காத இடம்

மதியத்திலிருந்து விடாமல் பனி கொட்டியும், வாகன நிறுத்தத்தின் கடைசி இடத்தில் மட்டும் ஒரு பொட்டுகூடத் தங்கவில்லை. ஒரு கார் அளவுக்குக் கறுப்பாகத் தார் தெரிந்தது. இப்போதுதான் யாரோ வண்டியை எடுத்துப் போனதுபோல. ஆனால் சக்கரத் தடம் எதுவும் இல்லை.

ஜானிஸ் காவல் அறையின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். மணி நாலரைதான்; ஜனவரியில் அந்த மலையடிவாரம் அதற்குள் இருட்டத் தொடங்கிவிடும். குளிர்காலம் முழுக்க மேல் சாலை மூடியிருக்கும். மலையேறுகிறவர்கள் வண்டியை இங்கேயே விட்டு, பதிவேட்டில் பெயரெழுதி, அகலமான பனிக்காலணிகளை மாட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இறங்கியதும் கையெழுத்து. கை விறைத்துப்போய் பாதிப்பேர் அதை மறந்து ஓடிவிடுவார்கள். வண்டி இல்லையென்றால் ஜானிஸே 'இறங்கியாயிற்று' என்று எழுதிவிடுவாள். எல்லாக் காவலர்களும் செய்கிற வேலைதான். அப்படி எழுதிய பெயரைத் தேடி யாரும் மலைக்குப் போவதில்லை.

போன ஜனவரியில் பிலிப் ஆஸ்ட்ராண்டருக்கும் அப்படித்தான் எழுதினாள். பனி தள்ளுவதற்குக் குறுக்கே நின்ற அவர் காரை, அவள் வேலைக்கு வருமுன்பே இழுவை லாரி கொண்டுபோயிருந்தது. அது தெரியாமல், கடைசி இடம் காலி என்று பார்த்து, 'இறங்கியாயிற்று' என எழுதிவிட்டுப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். மனிதர் இருட்டில் இறங்கிவந்து, கார் நின்ற இடத்திலேயே காத்திருந்திருக்கிறார். ஏப்ரலில் பனிமேடு உருகியபோது உட்கார்ந்தபடியே கிடைத்தார். அந்த எழுத்து தன்னுடையது என்று ஜானிஸ் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வாக்கிடாக்கி கரகரத்தது. பனி தள்ளும் லாரியிலிருந்து எர்ல்.

"என்னம்மா, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா? கேட்டைப் பூட்டணும்."

"கடைசி இடத்துல பனி தள்ளினியா, எர்ல்?"

"அந்தப் பக்கமே இன்னும் வரலியே. உனக்குக் காப்பி பத்தல. மேல யாராச்சும் இருக்காங்களா?"

"இல்ல. எல்லாரும் இறங்கியாச்சு."

"அப்ப கிளம்பு. உன் வண்டி போனதும் பூட்டிடறேன்."

பார்க்காமல் போக மனம் வரவில்லை. விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள், ஊசியிலை மரங்களின் பிசின் வாசத்துக்கு நடுவே நனைந்த கம்பளியின் நாற்றம் வருவதையும், மலைப்பாதைப் பக்கமிருந்து பனிக்காலணிகள் 'சரக், சரக்' என்று நிதானமாக இறங்கிவருவதையும் உணர்ந்து அப்படியே நின்றாள். அந்தப் பக்கம் வெளிச்சம் அடித்தாள். ஆளில்லை. தடங்கள் மட்டும். பாதையிலிருந்து இறங்கி, கறுப்புத் தாரைச் சுற்றிச் சுற்றி வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

"நான்தான் எழுதினேன்," என்றாள். "விசாரிக்காம எழுதிட்டேன். மன்னிச்சிருங்க."

சத்தம் நின்றது.

அவளுக்குப் பின்னால் காவல் அறைக் கதவு சாத்திக்கொண்டது.

திரும்பினாள். அவளுடைய வண்டியைக் காணோம். அது நின்ற இடத்தில், இன்னொரு கறுப்புக் கட்டம்.

ஓடிப்போய்க் கதவை இழுத்தாள். பூட்டியிருந்தது. சாவி உள்ளே. வாக்கிடாக்கியும் உள்ளே. மேசைமேல் பதிவேடு திறந்திருந்தது. கண்ணாடியில் முகத்தை அழுத்திப் படித்தாள். கடைசி வரியில் அவள் பெயர். எதிரே 'இறங்கியாயிற்று'. அவளுடைய சாய்ந்த எழுத்து. மை இன்னும் காயவில்லை.

உள்ளே எர்லின் குரல் கரகரத்தது. "வண்டி போயிருச்சு போல. சரி, பூட்டியாச்சு. பாத்துப் போ தாயி."

"எர்ல்!"

லாரி விளக்குகள் மரங்களுக்கிடையே சிறுத்து, வளைவில் மறைந்தன.

சரக். சரக்.

விளக்கைத் திருப்பினாள். பனிமேட்டில் முதுகைச் சாய்த்து அவர் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும், சிரமப்பட்டு, ஓர் ஆள் உட்காரும் அளவுக்குத் தள்ளி உட்கார்ந்தார்.